எரிந்த மெழுகு எங்கே போனது? வேதிவினையும் வாயுவும், அடிப்படையிலிருந்து

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், நன்றாகவே குறைந்திருக்கும். குறைந்த மெழுகு எங்கே என்று கேட்டால் எல்லோரும் "எரிந்து போச்சு" என்பார்கள். சரி, எரிந்து எங்கே போனது? இங்கேதான் ஆளுக்கொரு பதில் வரும். உருகி ஒழுகிவிட்டது என்பார் ஒருவர். நெருப்பாக மாறிவிட்டது என்பார் இன்னொருவர். கொஞ்சம் அறிவியல் படித்தவர் என்றால் ஆற்றலாக மாறிவிட்டது என்பார். மூன்றுமே சரியில்லை.

வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இந்தக் கேள்வியில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வேதிவினைகளை ஒரு பாடமாகவும், வாயு விதிகளை அதற்குச் சம்பந்தமில்லாத வேறொரு பாடமாகவும் படித்துவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு. கண்ணுக்குத் தெரியாத வாயுவை அந்தக் கணக்கில் எழுதாமல் விட்டால் பொருள் மாயமாக மறைவது போலவும், எங்கிருந்தோ முளைப்பது போலவும் தோன்றும். எழுதிவிட்டால் எல்லாம் நேராகிவிடும்.

## எழுத்துகள் அதே, சொல் வேறு

'கபடி' என்ற சொல்லில் மூன்று எழுத்துகள். அவற்றை இடம் மாற்றினால் 'பகடி'. புதிதாக ஓர் எழுத்தும் வரவில்லை, இருந்ததில் ஒன்றும் தொலையவில்லை. ஆனால் ஒன்று விளையாட்டு, மற்றது கேலி, பொருளில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வேதிவினையும் இப்படித்தான் நடக்கிறது. எழுத்தின் இடத்தில் அணுவையும் சொல்லின் இடத்தில் மூலக்கூறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு, ஆக்ஸிஜன், கார்பன் போல, வேதி முறையில் இதற்கு மேல் எளிய பொருளாகப் பிரிக்க முடியாதவை தனிமங்கள். ஒரு தனிமத்தின் ஆகச் சிறிய துண்டு அணு. அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குழுவாக நின்றால் அது மூலக்கூறு, அந்தப் பிடிப்புக்குப் பெயர் பிணைப்பு. வேதிவினை என்றால் பழைய பிணைப்புகள் அறுந்து, அதே அணுக்களுக்கிடையில் புதிய பிணைப்புகள் உண்டாவது, அவ்வளவே. வினைக்குள் போகிறவை வினைபடுபொருள்கள், வெளியே வருகிறவை விளைபொருள்கள்.

பனிக்கட்டி உருகுவதும் தண்ணீர் கொதிப்பதும் வினைகள் இல்லை. மூன்று நிலையிலும் அதே நீர் மூலக்கூறுதான், பக்கத்து மூலக்கூறோடு எவ்வளவு நெருக்கமாக நிற்கிறது என்பது மட்டுமே மாறுகிறது. (கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே வெள்ளையாகத் தெரிகிறதே, அது நீராவி இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து குளிர்ந்து மறுபடி திரவமான நுண்துளிகள்தான் அந்த வெண்மை.)

வினை நடந்தால் பொருளின் குணம் எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு உப்பை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சோடியம் தண்ணீர் பட்டால் சீறித் தீப்பிடிக்கும் உலோகம். குளோரின் நுரையீரலை அரிக்கும் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்தால் நாம் சாப்பிடும் உப்பு. "இதில் குளோரின் இருக்கிறது, அதனால் விஷம்" என்ற வகைப் பேச்சுகள் எல்லாம் இங்கேயே விழுந்துவிடுகின்றன. பகடியில் இருக்கும் எழுத்தெல்லாம் கபடியிலும் இருக்கிறது என்பதற்காகக் கபடி கேலியாகிவிடாது.

இப்போது மெழுகுக்கு வருவோம். மெழுகில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும். திரியின் சூட்டில் மெழுகு உருகி, திரி வழியாக ஏறி, ஆவியாகி, காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேருகிறது. கார்பன் ஆக்ஸிஜனைப் பிடித்தால் கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன் பிடித்தால் நீர், அதுவும் அந்தச் சூட்டில் ஆவியாகத்தான். சுடருக்கு மேலே, தீயில் படாமல், குளிர்ந்த ஒரு கண்ணாடியைக் கொஞ்ச நேரம் காட்டினால் அதில் பனி படர்வதைப் பார்க்கலாம். அது மெழுகின் ஹைட்ரஜன்.

எடையாகச் சொன்னால், 10 கிராம் மெழுகு எரிய சுமார் 34.5 கிராம் ஆக்ஸிஜன் தேவை. கிடைப்பது சுமார் 31.2 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 13.3 கிராம் நீராவியும். கூட்டிப் பாருங்கள், இந்தப் பக்கம் 44.5, அந்தப் பக்கமும் 44.5. மெழுகு குறைந்துகொண்டே போவது போலத் தெரிந்தாலும், அதன் எடையைப் போல் நான்கு மடங்குக்கும் மேலான பொருள் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வினையில் அணுக்கள் இடம் மாறுகின்றன, எண்ணிக்கை மாறுவதில்லை. எடை குறைந்தது போலத் தெரிந்தால் ஒரு வாயு வெளியே போயிருக்கும், கூடியது போலத் தெரிந்தால் ஒரு வாயு உள்ளே வந்திருக்கும்.

## கணக்கில் எழுதாமல் விட்ட வரவு

இந்த விஷயம் பெரிய அறிஞர்களுக்கே நெடுநாள் பிடிபடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பகுதியில் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் ஃபான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டால் சுமார் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். 1648இல், அவர் இறந்த பிறகு, இது அச்சில் வந்தது.

எவ்வளவு பொறுமையான சோதனை! மரத்தை உண்டாக்கியது மண் இல்லை என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் இலைகள் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டே இருந்தன, அந்த வரவு கணக்கில் ஏறவில்லை. இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. 'கேஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இவர்தான். 62 பவுண்டு கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்ற 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வடிவில் போய்விடுகிறது என்று எழுதி, அந்த வடிவுக்கு இந்தப் பெயரை வைத்தார். வெளியே போகும் வாயுவைப் பார்க்கத் தெரிந்தவருக்கு, மரத்துக்குள் நுழைந்த அதே வாயு தெரியவில்லை.

அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பிரான்ஸின் அன்துவான் லவாய்சியே மூடிய பாத்திரத்தில் வேலையைத் தொடங்கினார். உள்ளே வைத்து மூடி முத்திரையிட்ட வெள்ளீயத்தைச் சூடாக்கினார். உலோகத்தின் மேல் சாம்பல் போன்ற படலம் உண்டானது, பாத்திரத்தோடு சேர்ந்த மொத்த எடை மட்டும் மாறவே இல்லை. அப்புறம் பாத்திரத்தைத் திறந்தார். காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்தது, எடையும் கூடியது. உலோகம் உள்ளே இருந்த காற்றில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தது, அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் வெளிக்காற்று பாய்ந்தது. மூடி வைப்பது என்ற ஒரே ஒரு பழக்கம் வேதியியலை மாற்றிவிட்டது என்றே சொல்வேன். வாயுவுக்குத் தப்ப வழி இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லாது.

## வெப்பம் எங்கிருந்து வருகிறது

இங்கே ஒரு பிழையான எண்ணத்தைக் களைய வேண்டும், ஏனென்றால் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள்: "பிணைப்புக்குள் ஆற்றல் அடைந்து கிடக்கிறது, பிணைப்பு உடைந்தால் அது வெளியே வரும்." நேர் எதிர்தான் உண்மை.

ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காந்தங்களைக் கையில் எடுங்கள். பிரிக்க உங்கள் கைதான் பாடுபட வேண்டும். விட்டால் 'டப்' என்று மோதி ஒட்டிக்கொள்ளும், அந்தச் சத்தமும் அதிர்வும் வெளியே வந்த ஆற்றல். அணுக்களும் அதே மாதிரிதான். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும், பிணைப்பு உண்டாகும்போது ஆற்றல் கிடைக்கும். மெழுகு எரியும்போது மெழுகின் பிணைப்புகளையும் ஆக்ஸிஜனின் பிணைப்பையும் உடைக்கக் கொஞ்சம் செலவு, அதனால்தான் தீக்குச்சி தேவைப்படுகிறது. கார்பன் டை ஆக்சைடும் நீரும் உண்டாகும்போது கிடைப்பது அந்தச் செலவை விட அதிகம், மிச்சமாவதுதான் சூடும் வெளிச்சமும். இப்படி வரவு மிஞ்சினால் வெப்ப உமிழ் வினை, செலவு மிஞ்சிச் சுற்றியிருப்பதிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொண்டால் வெப்பக் கொள் வினை. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் பாத்திரம் சில்லிடுவது இரண்டாவது வகை.

## வினை வகைகள்: ஒரு கல்லின் கதை

பாடப்புத்தகம் சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி என்று நான்கு வகை சொல்லும். தனித்தனியே உதாரணம் படிப்பதை விட ஒரு சுண்ணாம்புக்கல்லைப் பின்தொடர்வது எனக்குப் பிடித்த வழி.

100 கிராம் தூய சுண்ணாம்புக்கல். வேதிப் பெயர் கால்சியம் கார்பனேட். 900 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் இது இரண்டாகப் பிரியும்: 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். ஒன்று பலவாகப் பிரிவது சிதைவு வினை. சூளையிலிருந்து எடுத்த கல் லேசாக இருக்கிறதே என்றால் அந்த 44 கிராம்தான் விஷயம்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் நீரைப் பிடித்து 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகிறது. பல பொருள்கள் சேர்ந்து ஒன்றாவது சேர்க்கை வினை. இந்தச் சூடு முழுக்கப் புதிய பிணைப்புகள் கொடுத்த மிச்சம்.

இதைக் கரைத்துச் சுவரில் பூசினால் நாளாக நாளாக இறுகும். காய்வதால் இறுகுகிறது என்று நினைப்போம், அது பாதி உண்மைதான். பூச்சு காற்றிலிருந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு 18 கிராம் நீரை விட்டுவிடுகிறது. 74 கூட்டல் 44 கழித்தல் 18, ஆக மறுபடி 100. சூளையில் விட்ட வாயுவைச் சுவரில் திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடி சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிட்டது!

இந்தக் கடைசி வினை எந்த வகை என்று கேட்டால், நான்கு பெட்டியில் எதிலும் ஒழுங்காக அடங்காது. அது வினையின் குறை இல்லை. வகைகள் நாம் வசதிக்காக ஒட்டிய சீட்டுகள். மறுபக்கம், மக்னீசியம் நாடா பளீரென்று எரிவது ஒரே நேரத்தில் சேர்க்கை, எரிதல், வெப்ப உமிழ் வினை, ஆக்ஸிஜனேற்றம் நான்கும்தான். ஒரே ஆள் அண்ணனாகவும் அப்பாவாகவும் இருப்பது போல.

மற்ற இரண்டு வகைகளையும் சீக்கிரம் பார்த்துவிடலாம். மயில்துத்தம் என்பது செம்பு அடங்கிய ஒரு நீல உப்பு. அதன் கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் ஆணியின் மேல் செம்பு படியும், நீல நிறம் மங்கும். கரைசலில் செம்பு இருந்த இடத்தை இரும்பு பிடித்துக்கொள்கிறது, அதனால் இடப்பெயர்ச்சி வினை. இங்கே இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை, அதாவது அணுவுக்குள் இருக்கும் எதிர்மின் துகள்களை, இழக்கிறது, செம்பு அவற்றை வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரானை இழப்பது ஆக்ஸிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஆக்ஸிஜன் கைமாறாத வினையிலும் ஆக்ஸிஜனேற்றம் நடக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களைப் பிடுங்குவதில் பேர் போனது, அதனால் பழைய காலத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டால் வெள்ளையாக ஒன்று திரிந்து அடியில் தங்கும். இப்படிக் கரைசலிலிருந்து திடப்பொருளாகப் பிரிந்து வருவது வீழ்படிவு. "சோடியமும் வெள்ளியும் ஜோடி மாற்றிக்கொண்டன" என்று இரட்டை இடப்பெயர்ச்சிக்கு விளக்கம் சொல்வார்கள். நிஜத்தில் தண்ணீரில் கரைந்தபோதே எல்லா ஜோடியும் பிரிந்து தனித்தனியே நீந்திக்கொண்டிருக்கின்றன. வெள்ளியும் குளோரைடும் சந்தித்ததும் விடாமல் பிடித்துக்கொண்டு மூழ்குகின்றன, சோடியமும் நைட்ரேட்டும் முன்பு போலவே நீந்திக்கொண்டிருக்கின்றன. நடந்தது ஒரு சந்திப்பு மட்டுமே.

ஆக, வகைகளின் பெயரை மறந்தாலும் பரவாயில்லை. எந்த அணு எங்கே இருந்தது, எங்கே போனது, ஏதாவது வாயுவாகத் தப்பியதா என்ற மூன்றையும் கேட்டால் வினை புரிந்துவிடும்.

## 'காலி' டம்ளரில் என்ன இருக்கிறது

இனி வாயுவின் பக்கம். ஒரு கன மீட்டர் காற்று, அதாவது நீளம் அகலம் உயரம் மூன்றும் 1 மீட்டர் உள்ள பெட்டி நிறையக் காற்று, சுமார் 1.2 கிலோ எடை. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் 43 கிலோ வரும். தூக்கச் சொன்னால் மூச்சு வாங்கும் எடை!

அந்தக் காற்றின் மூலக்கூறுகள் சும்மா மிதப்பதில்லை. அறை வெப்பநிலையில் சராசரியாக விநாடிக்கு 500 மீட்டருக்குக் கிட்ட வேகம், ஒலியை விட வேகம். அப்படியென்றால் அறையின் ஒரு மூலையில் வாசனைத் திரவியக் குப்பியைத் திறந்தால் அடுத்த நொடியே மறு மூலையில் மணக்க வேண்டுமே? மணக்காது. ஏனென்றால் ஒவ்வொரு மூலக்கூறும் விநாடிக்குப் பல நூறு கோடி முறை பக்கத்து மூலக்கூறுகளோடு மோதித் திசை மாறிக்கொண்டே இருக்கிறது, திருவிழாக் கூட்டத்தில் ஓடப் பார்க்கும் ஆள் மாதிரி. வாசனை கடைசியில் நம்மிடம் வந்து சேருவதும் பெரும்பாலும் அறைக்குள் அசையும் காற்றோட்டத்தின் தயவில்தான்.

இவை பாத்திரத்தின் சுவரிலும் மோதுகின்றன. தகரக் கூரையின் மேல் தூறல் விழுந்தால் ஒவ்வொரு சொட்டும் தனியே கேட்கும், பெருமழை பெய்தால் சொட்டுகள் கேட்காது, விடாத ஓர் இரைச்சலாகிவிடும். சுவரின் மேல் மூலக்கூறுகள் பொழியும் அந்த விடாத அடிகளின் மொத்தம், ஒரு குறிப்பிட்ட பரப்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், அதுதான் அழுத்தம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ எடையை வைத்தது போன்றது. நாம் நசுங்காததற்குக் காரணம் உள்ளேயிருந்தும் அதே அளவு அழுத்தம் வெளிநோக்கித் தள்ளுவது.

இதைப் புரிந்துகொண்டால் 'உறிஞ்சுதல்' என்று இயற்கையில் ஒரு விசையே இல்லை என்பதும் புரியும். உறிஞ்சுகுழலில் நீங்கள் தண்ணீரை இழுப்பதில்லை. வாயால் குழலுக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறீர்கள், டம்ளரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று தண்ணீரைக் குழலுக்குள் தள்ளுகிறது. தள்ளும் வேலைக்கு எல்லை உண்டு. 1640களில் இத்தாலியின் டாரிசெல்லி காட்டியபடி வெளிக்காற்றால் பாதரசத்தை சுமார் 76 சென்டிமீட்டர் வரைதான் தாங்க முடியும், தண்ணீர் என்றால் சுமார் 10.3 மீட்டர். அதற்கு மேல் நீளமான குழலில் எவ்வளவு பலசாலி உறிஞ்சினாலும் தண்ணீர் வராது.

## மூன்று விதிகள், ஒரே காட்சி

ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சில் 20 மில்லிலிட்டர் காற்றை இழுத்து, முனையை விரலால் மூடி, 10 மில்லிலிட்டர் வரை அழுத்துங்கள். உள்ளே அதே எண்ணிக்கை மூலக்கூறுகள், இடம் பாதி. சுவருக்கு அடி இரட்டிப்பாகும், அழுத்தமும் இரட்டிப்பு. ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டது இதைத்தான்: வெப்பநிலை மாறாதபோது கனஅளவு எவ்வளவு மடங்கு குறைகிறதோ அவ்வளவு மடங்கு அழுத்தம் கூடும். இங்கே அழுத்தம் என்பது முழு அழுத்தம். டயரில் வைக்கும் அழுத்தமானி வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் என்று மட்டும் காட்டும், அது 0 காட்டினாலும் டயருக்குள் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குக் காற்று இருக்கும்.

அடுத்து சூடு. வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலின் அளவு. சூடானால் வேகம் கூடும், அடி பலமாகும், அடிக்கடியும் விழும். சுவர் நகரக்கூடியதாக இருந்தால் வாயு விரியும். இது சார்லஸ் விதி. நகராத சுவர் என்றால் அழுத்தம் ஏறும், மூடிய ஸ்பிரே குப்பிகளைத் தீயில் போடாதே என்று எழுதியிருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை: 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் கனஅளவும் இரட்டிப்பாகும் என்று நினைப்பது. செல்சியஸின் 0 என்பது தண்ணீர் உறையும் புள்ளி மட்டுமே, மூலக்கூறுகளின் ஆற்றல் அங்கே பூச்சியம் ஆவதில்லை. உண்மையான பூச்சியம் மைனஸ் 273.15 டிகிரி, அதற்குத் தனிச்சுழி வெப்பநிலை என்று பெயர். அங்கிருந்து எண்ணும் அளவுதான் கெல்வின். 20 டிகிரி என்பது 293 கெல்வின், 40 டிகிரி 313 கெல்வின். கனஅளவு ஏறக்குறைய 7 சதவீதம்தான் கூடும்.

மூன்றாவது, அவகாட்ரோ 1811இல் சொன்னது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். லேசான ஹைட்ரஜனும் கனத்த கார்பன் டை ஆக்சைடும் எப்படிச் சமமாகும் என்று தோன்றும். மூலக்கூறின் அளவோடு ஒப்பிட்டால் இடைவெளி ஏறக்குறைய பத்து மடங்கு, அதனால் மூலக்கூறு பெரிதா சிறிதா என்பது கனஅளவில் தெரிவதே இல்லை. கனத்தது மெதுவாகவும் லேசானது வேகமாகவும் ஓடுவதால் சுவரில் விளையும் அழுத்தமும் ஒன்றாகிவிடுகிறது.

மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் 'டஜன்' போல ஒரு மொத்த அளவு வைத்திருக்கிறார்கள், பெயர் மோல். ஒரு டஜனில் 12 என்றால் ஒரு மோலில் 6,022 எழுதி அதன் பின்னால் இருபது பூச்சியங்கள் போட்ட அளவு. எந்த வாயுவானாலும் ஒரு மோல் அறை வெப்பநிலையில் சுமார் 24 லிட்டர் இடம் பிடிக்கும். சூளையில் தப்பிய அந்த 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு சரியாக ஒரு மோல். கைக்குள் அடங்கும் ஒரு கல்லுக்குள்ளிருந்து ஆறிய பிறகும் 24 லிட்டர் வாயு!

ஒரு எச்சரிக்கை, எடைதான் வினையில் மாறாது, கனஅளவு மாறும். 2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்ஸிஜனும் சேர்ந்தால், அதே சூட்டிலும் அழுத்தத்திலும், 2 லிட்டர் நீராவிதான் கிடைக்கும். இரண்டு மூலக்கூறும் ஒன்றும் சேர்ந்து இரண்டு மூலக்கூறாகின்றன. அணுக்கள் அத்தனையும் பத்திரம், குழுக்கள்தான் மூன்றிலிருந்து இரண்டாயின.

சுருக்கமாக: அழுத்தம் என்பது அடிகள். இடத்தைக் குறைத்தாலும், சூடாக்கினாலும், மூலக்கூறுகளைக் கூட்டினாலும் அடி கூடும். எந்த விதியைச் சொல்லும்போதும் மற்றவற்றை மாறாமல் வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

## ஒரு தேக்கரண்டி சோடா

இரண்டு பக்கத்தையும் இணைத்துப் பார்க்க ஒரு சிறு சோதனை. ஒரு பாட்டிலில் 100 மில்லிலிட்டர் வினிகர், ஒரு பலூனுக்குள் 5 கிராம் சமையல் சோடா. பலூனைப் பாட்டிலின் வாயில் மாட்டி, நிமிர்த்திச் சோடாவைக் கொட்டினால் நுரை பொங்கிப் பலூன் ஊதும். 84 கிராம் சோடாவுக்கு 44 கிராம் வீதம் கார்பன் டை ஆக்சைடு வரும், ஆகவே 5 கிராமுக்கு சுமார் 2.6 கிராம், அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 1.4 லிட்டர். கொஞ்சம் வாயு நீரிலேயே கரைந்து தங்கிவிடும். பாட்டிலை இறுக்கமான மூடியால் மட்டும் மூடிவிடாதீர்கள், வெடிக்கும்.

துல்லியமான தராசில் வைத்துச் செய்பவர்களுக்கு இங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. எதுவும் வெளியே போகாதபோதும் தராசு ஒன்றரை கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். ஊதிய பலூன் தன் கனஅளவுக்குச் சமமான காற்றை விலக்குகிறது, ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம், தண்ணீர் படகைத் தாங்குவது போல அந்தக் காற்று பலூனைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. பொருள் குறையவில்லை, மறுபடியும் காற்றைக் கணக்கில் விட்டுவிட்டோம்.

## தட்டில் நீர், மேலே கண்ணாடி

தட்டில் நீர் ஊற்றி நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்ததும் நீர் டம்ளருக்குள் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தை நீர் நிரப்புகிறது" என்று எத்தனையோ பேர் விளக்கம் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

நாம் பார்த்ததை வைத்தே சோதிக்கலாம். மெழுகு எரியும்போது 38 ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் செலவானால் ஏறக்குறைய 25 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வந்துவிடுகின்றன. நீராவி குளிர்ந்து திரவமாகிவிடும் என்று வைத்துக்கொண்டாலும் குறைவது 13தான். ஆக்ஸிஜன் முழுவதும் தீர்ந்தாலும் காற்றின் அளவு 7 சதவீதம்தான் குறைய வேண்டும். அதுவும் முழுவதும் தீர்வதில்லை, காற்றில் 21 சதவீதமாக இருந்த ஆக்ஸிஜன் 16 சதவீதம் அளவுக்கு வந்ததுமே சுடர் அணைந்துவிடும்.

கவனித்துப் பார்த்தால் நேரமே விடையைச் சொல்லிவிடும். சுடர் எரியும் வரை நீர் அசைவதே அரிது, சில சமயம் டம்ளரின் விளிம்பில் குமிழிகள் வெளியேறும். அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறும். டம்ளரைக் கவிழ்க்கும்போதே அதற்குள் போனது சுடரின் சூட்டில் விரிந்த காற்று. அணைந்ததும் அது குளிர்கிறது, சார்லஸ் விதிப்படி சுருங்குகிறது. உள்ளே சராசரி வெப்பநிலை 80 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்கு இறங்கினால், அதாவது 353 கெல்வினிலிருந்து 300 கெல்வினுக்கு, கனஅளவு 15 சதவீதம் குறையும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று நீரைத் தள்ளி ஏற்றுகிறது.

சந்தேகம் தீராவிட்டால் அதே டம்ளருக்கடியில் ஒன்றுக்குப் பதில் மூன்று சிறிய மெழுகுவர்த்திகளை வைத்துப் பாருங்கள். உள்ளே ஆக்ஸிஜன் அதே அளவுதான், கூடியது சூடு மட்டும். நீர் முன்பை விட உயரமாக ஏறி நிற்கும்.